ஆம்புலன்ஸ் வரும் வரை போனை வைக்காதீங்க!



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து பற்றித்தான் உங்களிடம் பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். வேளாண்மை அதிகாரிக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய தொழிலில் வரும் ஆபத்துகளை எண்ணிப் பாருங்கள். வரப்பில் பாம்பு, தெளிப்பானில் விஷம், மோட்டார் கொட்டகையில் மின்சாரம், கிணற்றிலும் ஏரியிலும் தண்ணீர். நாலும் நம் வயலிலேயே இருக்கிறது. நாலிலும் முதல் பத்து நிமிஷம்தான் முக்கியம். அந்தப் பத்து நிமிஷத்தில் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். உங்கள் கையில் ஒரு செல்போன் இருக்கும்.

அந்தப் போனை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? "சீக்கிரம் வண்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறோம். வண்டியைக் கூப்பிடுவது போனின் பாதி வேலைதான். வண்டி வந்து சேரும் வரை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

போனிலேயே முதலுதவி

ஆபத்துக்கு என்று தனியாக ஒரு தொலைபேசி எண் வைக்கும் வழக்கம் 1937-ஆம் ஆண்டு லண்டனில் 999 என்ற எண்ணோடு தொடங்கியது. அமெரிக்காவில் 1968-இல் 911 வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் போனை எடுப்பவருடைய வேலை விலாசத்தை எழுதிக்கொள்வது மட்டும்தான். 1975-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், மூச்சு நின்றுபோன ஒரு கைக்குழந்தையின் தாய் போன் செய்தார். வண்டி போய்ச் சேர நேரமாகும் என்பதால், போனை எடுத்த மருத்துவ உதவியாளர் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகுதான் இதை ஒரு முறையாகச் செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், எந்த ஆபத்துக்கு எந்தக் கேள்வி கேட்பது, என்ன யோசனை சொல்வது என்று அட்டைகளில் எழுதி, 1979 வாக்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்குப் பல நாடுகளில் போன் எடுப்பவர்கள் இந்த மாதிரி அட்டை அல்லது கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

நம் நாட்டில் 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 112 என்ற எண் இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. இவை இரண்டும் வண்டி அனுப்பும் எண்கள்.

பாம்புக்கடிக்கு என்றே இன்னொரு எண் உண்டு. 2024 மார்ச் மாதம் மத்திய அரசு பாம்புக்கடியைத் தடுப்பதற்கான தேசிய செயல் திட்டத்தை வெளியிட்டது. 2030-ஆம் ஆண்டுக்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைப்பது அதன் நோக்கம். அதோடு சேர்த்து 15400 என்ற உதவி எண்ணையும் முதல் கட்டமாக ஐந்து இடங்களுக்கு அறிவித்தார்கள். மத்தியப் பிரதேசம், அசாம், ஆந்திரா, டெல்லி ஆகியவற்றோடு ஐந்தாவதாக நம் புதுச்சேரியும் அதில் இருக்கிறது. கடிபட்டவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் யோசனை சொல்வதுதான் அந்த எண்ணின் வேலை. ஆனால் ஒன்று. முதல் போன் 108-க்குத்தான். வண்டி கிளம்பட்டும். யோசனை கேட்பதை இன்னொருவர் இன்னொரு போனில் செய்யட்டும்.

முதலில் இடத்தைச் சொல்லுங்கள்

போன் செய்பவர் பதறிப்போய் "எங்க அப்பாவைப் பாம்பு கடிச்சிடுச்சு, ஓடி வாங்க" என்று கத்துவார். எங்கே வருவது? நடுவில் லைன் அறுந்துபோனால் வண்டி எங்கே போகும்? ஆகவே முதலில் இடம், பிறகு உங்கள் போன் நம்பர், அதற்கப்புறம்தான் என்ன நடந்தது என்பது.

நம் புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிள்ளைச்சாவடியில் ஆரம்பித்து வில்லியனூர், பாகூர் வரை நம் ஊர்கள் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு வரப்பு நம்முடையதாக இருக்கும், அடுத்த வரப்பு விழுப்புரம் மாவட்டமாகவோ கடலூர் மாவட்டமாகவோ இருக்கும். செல்போன் கோபுரத்துக்கு வரப்பு தெரியாது. எல்லையோரம் நின்று பேசும்போது உங்கள் அழைப்பு அந்தப் பக்கத்து மையத்துக்கும் போகலாம். அதனால் எடுத்த எடுப்பில் "புதுச்சேரி மாநிலம், பாகூர் கொம்யூன், இன்ன ஊர்" என்று சொல்லிவிட வேண்டும். வெறுமனே "குப்பம்", "பேட்டை", "சாவடி" என்றால் போதாது. அந்தப் பெயரில் ஊர் எத்தனையோ இருக்கிறது. பெரிய சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோயிலா, பள்ளிக்கூடமா, ரேஷன் கடையா, உழவர் உதவியகமா என்று ஓர் அடையாளம் சொல்லுங்கள். கொல்லையில் நடந்தது என்றால், ஒரு பையனை டார்ச் விளக்கோடு ரோட்டு முனைக்கு அனுப்பி நிறுத்துங்கள். இரவில் வண்டிக்காரர் வழி தேடிச் சுற்றுவது இதனால் குறையும்.

பிறகு போனில் இருப்பவர் இரண்டு கேள்வி கேட்பார். கூப்பிட்டால் கண் திறந்து பேசுகிறாரா? மூச்சு சரியாக வருகிறதா? "இந்தக் கேள்வியெல்லாம் எதுக்குங்க, வண்டியை அனுப்புங்க முதல்ல" என்று கோபப்படாதீர்கள். வண்டி கிளம்ப ஏற்பாடு ஒரு பக்கம் நடக்கும். எப்படிப்பட்ட வண்டி தேவை, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்யத்தான் அந்தக் கேள்விகள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "வண்டி வர்ற வரைக்கும் நாங்க என்ன செய்யணும்?" இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

பாம்பு கடித்தால்

2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷத்தில் நம் நாட்டில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலானவர்கள் கிராமத்துக்காரர்கள், நம்மைப்போல வயலில் வேலை செய்பவர்கள்.

போனில் என்ன சொல்வார்கள்? முதலில் தைரியம் சொல்லச் சொல்வார்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பாக இருந்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. ஆனால் எது எந்தக் கடி என்று நாம் முடிவு செய்யக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் தீரவேண்டும்.

இரண்டாவது, கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைக்கச் சொல்வார்கள். காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தால் தசை அசைந்து விஷத்தை உடம்புக்குள் தள்ளும். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல, ஒரு மூங்கில் குச்சியை வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டி, அந்தக் கை காலை அசையாமல் வைக்க வேண்டும்.

மூன்றாவது, மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். வீக்கம் ஏறிவிட்டால் இவை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இனி, செய்யக்கூடாதவை. கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. "காலங்காலமா கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்பீர்கள். விரியன் வகையின் விஷம் கடிபட்ட இடத்துச் சதையையே அழிக்கும். கட்டுப் போட்டால் விஷம் ஓரிடத்திலேயே தேங்கும், ரத்த ஓட்டமும் நின்றுபோகும். உயிர் பிழைத்தும் கால் போனவர்கள் உண்டு. கட்டை ஆஸ்பத்திரியில் திடீரென்று அவிழ்க்கும்போது, தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடம்பில் ஏறும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் நீங்களாக அவிழ்க்காதீர்கள். போனில் சொல்லுங்கள், டாக்டர் பார்த்து அவிழ்க்கட்டும். பிளேடால் கீறக் கூடாது. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. கீறிய இடத்தில் ரத்தம் நிற்காமல் போகும். வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். மந்திரிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கவும் வேண்டாம்.

பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். இரண்டாவதாக ஒருவர் கடிபடுவதுதான் மிச்சமாகும். "எந்தப் பாம்புன்னு தெரிஞ்சாத்தானே மருந்து போடுவாங்க?" என்று கேட்கலாம். அப்படி இல்லை. நம் நாட்டில் போடுகிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட ஒரே மருந்து. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. பாம்பின் பல்லில் இருக்கும் விஷமே மருந்தாக மாறி நம் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த மருந்து ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது இரவில் வருவது. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடம்கூடச் சில சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்பார்கள். பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை செயலிழக்கும். தரையில் படுத்து எழுந்தவர் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால், "பாம்பு எதுவும் பார்க்கலை" என்று சும்மா இருக்காதீர்கள். போனில் இமை தொங்குவதைச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்வார்கள். எச்சிலும் வாந்தியும் மூச்சுக் குழாயில் போகாமல் இருக்க அது வேண்டும். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கச் சொல்வார்கள். இந்த விஷத்தில் இதயம் ஓடிக்கொண்டிருக்கும், மூச்சுதான் நிற்கும். யாராவது மூச்சு கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிவரை கொண்டுபோனால் பிழைக்க வைக்க முடியும். கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுத்தால் இந்தப் பாம்பு உள்ளேயே வராது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

பூச்சி மருந்து உடம்பில் சேர்ந்தால்

மருந்து அடிக்கும்போது காற்று திரும்பி மேலே படுவதும், தெளிப்பான் ஒழுகி முதுகு நனைவதும் நடக்கிற காரியம். மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். தலைவலி, மயக்கம், வாயில் எச்சில் ஊறுவது, வியர்த்துக் கொட்டுவது, கண்மணி சுருங்குவது எல்லாம் பல மருந்துகளில் விஷம் ஏறியதற்கு அடையாளங்கள்.

போனில் சொல்வது இதுதான். அவரை வயலை விட்டுக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரால் தலைமுடி, நகக்கண் உட்படக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவரும் படுத்துவிடுவார்.

வாய் வழியாகப் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது எதுவும் கூடாது. பல மருந்துகள் எண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை. வாந்தி வரும்போது அது மூச்சுக் குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். பாலும் வேண்டாம்; சில மருந்துகள் கொழுப்போடு சேர்ந்து சீக்கிரம் உள்ளே போகும்.

போனில் கண்டிப்பாகக் கேட்பார்கள்: "என்ன மருந்து?" டப்பாவை எடுத்து லேபிளைப் படியுங்கள். சாய்சதுரக் கட்டத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறம் இருக்கும். சிவப்பு கொடிய விஷம், பச்சை குறைந்த விஷம். ஆனால் எந்த நிறமானாலும் குடிக்கக் கூடியது இல்லை. விஷமுறிவு மருந்து என்ன என்பதும் லேபிளில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. டப்பாவை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்கள். அதனால்தான் மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள் என்று ஓயாமல் சொல்கிறோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் ஒரு தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. 1800 116 117 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் யோசனை சொல்வார்கள். வண்டி அனுப்ப மாட்டார்கள். அதற்கு 108 தான்.

இங்கே மனசு விட்டு ஒன்று பேச வேண்டும். சில வீடுகளில் கடன், சண்டை, மனவேதனை காரணமாக யாராவது தெரிந்தே குடித்துவிடுகிறார்கள். போலீஸ் கேஸ் வருமே, மானம் போகுமே என்று வீட்டார் பயந்து, "வயித்து வலி" என்று போனிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். டாக்டர் வயிற்று வலிக்கு மருந்து கொடுப்பார். உயிர் போய்விடும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், இப்படிச் செய்தவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் திட்டாதீர்கள், அழுது ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். யாராவது மனசு உடைந்து பேசுவதாகத் தெரிந்தால், முன்கூட்டியே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மருந்து டப்பாவைப் பூட்டி வைத்து, சாவியை ஒருவர் கையில் வைத்திருப்பதும் நல்லது.

மின்சாரம், தண்ணீர்

மோட்டார் கொட்டகையில் ஒருவர் ஷாக் அடித்து விழுந்து கிடந்தால், போனில் சொல்லும் முதல் வார்த்தை "தொடாதீங்க" என்பதாகத்தான் இருக்கும். முதலில் மெயினை அணைக்க வேண்டும். அணைக்க வழியில்லை என்றால், காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த மூங்கிலால் ஒயரைத் தள்ளலாம். இது கொட்டகை மின்சாரத்துக்கு மட்டும். வயலில் மேல்கம்பி அறுந்து கிடந்தால் மூங்கிலோடு கூடக் கிட்டே போகக் கூடாது. மின்துறை லைனை நிறுத்தும் வரை எட்டியே நிற்க வேண்டும்.

அதற்கப்புறம் பழைய இரண்டு கேள்விதான். கண் திறக்கிறாரா, மூச்சு இருக்கிறதா? இரண்டும் இல்லை, அல்லது விட்டு விட்டுத் திணறுகிறார் என்றால், நெஞ்சை அழுத்தச் சொல்வார்கள். ஆளைக் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடு எலும்பு மேல் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வையுங்கள். அதன்மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் இரண்டு அங்குல ஆழம் அழுத்தி விட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. போனில் இருப்பவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். நீங்களும் சத்தமாக எண்ணிக்கொண்டே அழுத்துங்கள். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும். இதயம் நின்றபின்னும் ரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்குப் பிராணவாயு இருக்கும். அதை மூளைக்குத் தள்ளத்தான் இந்த அழுத்தம். நான்கைந்து நிமிஷம் தள்ளாமல் விட்டால் மூளை கெட ஆரம்பிக்கும். "விலா உடைஞ்சிடுமோ" என்று பயப்படாதீர்கள். உடைந்த விலா எலும்பு கூடிவிடும். போன உயிர் திரும்பாது.

கிணற்றிலோ ஏரியிலோ கடலிலோ மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் பக்கத்தில் வழக்கம். அதில் நேரம்தான் போகும். வயிற்றில் இருப்பது மூச்சுக் குழாயில் ஏறினால் ஆபத்து இன்னும் கூடும். மூழ்கியவருக்குக் குறை காற்றில்தான். ஆகவே முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு நெஞ்சு அழுத்தம் என்று சொல்வார்கள். அப்படியே செய்யுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

ஆபத்து நேரத்தில் எந்த எண்ணும் ஞாபகத்துக்கு வராது. ஆகவே மோட்டார் கொட்டகைச் சுவரிலும், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்திலும் பெயின்டால் எழுதி வையுங்கள். 108, 112, 15400, 1800 116 117. அதற்குக் கீழே உங்கள் கொல்லைக்கு வழி சொல்லும் இரண்டு வரியும் எழுதுங்கள்: மாநிலம், கொம்யூன், ஊர், அடையாளம். வெளியூரிலிருந்து நடவுக்கோ கரும்பு வெட்டவோ மல்லாட்டை பிடுங்கவோ வந்த ஆள்கூட அதைப் பார்த்துப் படித்துச் சொல்லலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு நாள் சாயங்காலம் ஒத்திகை வையுங்கள். போன் எடுத்து என்ன சொல்வாய் என்று கேளுங்கள். நாலு தடவை சொல்லிப் பார்த்தால் ஐந்தாவது தடவை தானாக வரும்.

சம்பா அறுவடைக்கு அரிவாளைத் தீட்டி வைக்கிறோம், களத்தை மெழுகி வைக்கிறோம். அதே மாதிரி இதுவும் ஒரு முன்னேற்பாடு. செலவு ஒரு கைப்பிடி பெயின்ட்தான். பயன்படுத்தும் நாள் வராமலே போகட்டும். வந்துவிட்டால், பதறாமல் இடத்தைச் சொல்லுங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், "நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள், வண்டி வாசலுக்கு வரும் வரை போனை வைக்காதீர்கள்.

அடுத்த வாரம் நவரைப் பட்டத்துக்கு நாற்றங்கால் தயாரிப்பது பற்றிப் பேசலாம். வணக்கம்.